செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருடம் பெரும்பாலும் சத்தம்தான்

நம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று, தண்ணீர்த் தொட்டி கழுவியாயிற்று.

அப்புறம் சத்தம். புகார் நோட்டில் பாதிக்கு மேல் "மேல் வீட்டில் நாற்காலி இழுக்கிறார்கள்", "விடியற்காலையில் தேங்காய் உடைக்கிறார்கள்" ரகம்தான். டிவி, பாட்டு பற்றிய புகார் குறைவு. பேச்சும் பாட்டும் காற்று வழியாக வருவதால் ஒன்பது அங்குலச் சுவர் ஓரளவு மறித்துவிடும் (நாலரை அங்குலச் சுவருக்குப் பின்னால் படுப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நியாயம்தான்). நாற்காலிக் கால் அப்படியில்லை, தரையையே தட்டுகிறது, அந்த அதிர்வு ஸ்லாப், பீம், தூண் என்று இறங்கிக் கீழ் வீட்டுச் சுவரிலிருந்தும் கேட்கும், அதனால்தான் சிலர் செலவு செய்து ஃபால்ஸ் சீலிங் போட்டும் முழு நிம்மதி கிடைக்கவில்லை. சுவரில் ஒட்டும் ஃபோம் ஷீட் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். பக்கத்து வீட்டுச் சத்தத்துக்காக அதை வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். வைத்தியம் சத்தம் பிறக்கும் இடத்தில்: நாற்காலிக் காலில் மாட்டும் ரப்பர் புஷ், கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் மேட்.

சங்கமும் இதில் சேர்த்திதான். தரைத்தளத்தில் இரவில் கேட்ட உறுமல் நம் தண்ணீர் மோட்டாருடையது. மேடையோடு நேராக போல்ட் போட்டிருந்தது. ரப்பர் மவுண்ட் வைத்து, பைப்பில் வளையும் ரப்பர் இணைப்பு மாட்டிய பிறகு புகார் நின்றது.

மொபைல் ஆப்பில் 62 டெசிபல் என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்களுக்கு: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்று இருப்பது உண்மை. ஆனால் அது அந்தப் பகுதியின் பொதுவான ஒலி அளவு. மேல் வீட்டு நாற்காலிக்கு அதைக் காட்டிச் சண்டை போடுவதைவிடப் பேசித் தீர்ப்பதே நல்லது.

கூட்டத்தில் வைக்கும் தீர்மானம் ஒன்றுதான்: இனி டைல்ஸ் மாற்றுகிறவர்கள் அடியில் ரப்பர் அல்லது கார்க் ஷீட் விரிக்க வேண்டும், ஓரத்திலும் டைல்ஸ் சுவரைத் தொடாதபடி அதே ஷீட்டில் ஒரு பட்டை வைக்க வேண்டும், ஏனென்றால் டைல்ஸ் சுவரை ஒரு இடத்தில் முட்டினாலும் அதிர்வு அந்த வழியாகவே போய்விடும், ஷீட் வாங்கிய காசு வீண். மறுப்பு உள்ளவர்கள் வாட்ஸ்அப்பில் வேண்டாம், கூட்டத்துக்கு வந்தே சொல்லுங்கள்.