குயில்ட் போடும்போது தையல் விடும் மெஷினும் அதைத் திறந்து பார்க்காத உங்கள் சேவை நிலையமும்: ஒரு புகார்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

உங்கள் மட்டக்களப்புக் காட்சியறையில் தவணை முறையில் வாங்கிய தையல் மெஷின், மூன்று அடுக்குத் துணியைக் கையால் நகர்த்தி வளைவாகத் தைக்கும் ஃப்ரீ மோஷன் குயில்டிங் செய்யும்போது தையல் விடுகிறது. உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை. தொலைபேசியிலும் நேரிலும் சொல்லி அலுத்துப்போனதால் இப்போது எழுத்தில் தருகிறேன். இதையாவது யாராவது கடைசிவரை வாசியுங்கள்.

மெஷினோடு வந்த கையேட்டின் அட்டையிலேயே பூவும் வளைவுமாய்த் தைத்த குயில்ட் ஒன்றின் படம் இருக்கிறது. ஆகவே துணியைக் கீழிருந்து நகர்த்தும் பற்களான ஃபீட் டொக்கை ஏன் இறக்குகிறோம், மேல்நூலைப் பிடிக்கும் ஹூக் எங்கே சுற்றுகிறது என்றெல்லாம் தலைமை அலுவலகத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் சேவை நிலையத்துக்கு மட்டும் யாராவது விளக்கினால் நல்லது.

நடப்பது இதுதான். ஃபீட் டொக் இறக்கி, தையல் நீளம் 0இல் வைத்து, துணியை இறுக்கி அமத்தாத டார்னிங் ஃபுட் பூட்டி, மேல்துணி, பொலியெஸ்டர் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துக் கையால் நகர்த்தி ஒரு வட்டம் போடுங்கள். துணி என் பக்கம் வரும் பாதியில் மூன்று நான்கு தையல் சேர்ந்தாற்போல் விட்டுப்போய், மேலே நூல் நீளமாகக் கிடக்கும். துணியை அப்பால் தள்ளும் பாதியில் தையல் ஒழுங்காக விழும். எத்தனை வட்டம் போட்டாலும் அதே பாதியில்தான் விடுகிறது.

இந்த ஒருபக்கக் குணத்தை உங்கள் ஆட்களில் ஒருவர்கூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை. விடை அதில்தான் இருக்கிறது. இது அடிநூல் சுற்றிய பொபினை மேலிருந்து போடும் மொடல். ஹூக் படுக்கையாகச் சுற்றி ஊசியின் பின்பக்கத்தால் போகிறது. ஊசி அடிமட்டம் போய் 2 முதல் 2.5 மி.மீ. வரை மேலே எழும்போது பின்பக்கத்தில் நூல் வளையமாகப் பிதுங்கும். அந்தக் கணத்தில் ஹூக்கின் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே, ஊசியை உரசாமல், 0.1 மி.மீ. அளவு இடைவெளியில் கடந்து வளையத்தைப் பிடிக்க வேண்டும். ஊசி துணிக்குள் இருக்கும்போது துணி என் பக்கம் வந்தால், ஊசியும் கொஞ்சம் என் பக்கம் வளையும். வளைந்தால் ஹூக்கிலிருந்து விலகும். இடைவெளி சரியாக இருக்கும் மெஷின் இந்தச் சிறு வளைவைத் தாங்கும். ஏற்கெனவே இடைவெளி கூடிப்போன மெஷினில் வளையம் தப்பிவிடும். நூலோ நூல் இறுக்கமோ காரணமாக இருந்தால், திசை பார்த்தா தையல் விடும்?

ஊசி இலக்கத்தை மாற்றிப் பார்த்தாலும் அதே விடைதான். 11ஆம் இலக்கத்தில் மிக மோசம், 14இல் குறைவு, 16இல் அநேகமாக இல்லை. 75/11 ஊசியின் தண்டு 0.75 மி.மீ. தடிப்பு, 100/16 ஊசியுடையது 1 மி.மீ. தடித்த ஊசி இலேசில் வளையாது. தடிப்பில் உள்ள வித்தியாசத்தில் பாதியளவு, அதாவது 0.1 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக, அது ஹூக்குக்குக் கிட்டவும் வந்துவிடும். உங்கள் மெஷினில் கூடிப்போயிருக்கும் இடைவெளி எவ்வளவு என்பதை ஊசியே அளந்து காட்டுகிறது. அப்படியானால் 16ஐயே போட்டுத் தையுங்கள் என்று பதில் எழுத வேண்டாம். மருதமுனைக் கைத்தறித் துணியில் 16 ஊசி போகும் இடமெல்லாம் ஓட்டை கண்ணுக்குத் தெரியும். கடுநீலத் துணியில் பஞ்சும் அதனூடாக வெளியே வரும்.

இதையெல்லாம் கல்முனைச் சேவை நிலையத்தில் சொல்லத்தான் போனேன்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு மெக்கானிக் இருப்பார், மெஷினைக் கொண்டுபோங்கள் என்று நேரம் குறித்தவர் உங்கள் கொழும்புத் தொலைபேசிச் சேவைக்காரர். வெள்ளி பகல் ஜும்ஆவுக்குக் கல்முனையில் கடைகள் பூட்டியிருக்கும் என்பது கிழக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஊரில் கிளை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாதா? கல்லடியிலிருந்து பஸ்ஸில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு போய், பூட்டிய கதவுக்கு முன்னால் வெயிலில் காவல். தொழப் போனவர்களில் எனக்குக் குறையில்லை. அவர்களைக் கேட்காமல் அந்த நேரத்தைத் தந்தவரில்தான் குறை. கதவு திறந்த பிறகு கிடைத்த பதில், மெக்கானிக் காலையிலேயே அம்பாறைக்குப் போய்விட்டார் என்பது.

மெக்கானிக்குக்குப் பதிலாகக் கவுண்டரில் இருந்த உங்கள் ஊழியர் மெஷினைப் பார்த்தார். அவரைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. சாதாரண ஃபுட்டைப் பூட்டினார். ஃபீட் டொக்கை உயர்த்தினார். இரண்டு மடிப்புப் பருத்தித் துண்டில் நேர்கோடு ஒன்று அடித்தார். “மெஷின் ஓகே அக்கா. உங்கட கைதான் பிழை. குயில்ட் எல்லாம் வெளிநாட்டுக்காரர் செய்யிற வேலை, நீங்க நேராத் தைங்க” என்றார். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள்.

நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளில் பிரேக் நல்லது என்று சான்றிதழ் கொடுத்த மாதிரிதான் அந்தச் சோதனை. நேர்த்தையலில் ஊசி துணியை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஃபீட் டொக் துணியை நகர்த்தும். ஊசியை வளைக்க எதுவும் இல்லை. ஃபுட்டும் துணியை முழுப் பலத்தோடு அமத்திக்கொண்டிருக்கும். ஃப்ரீ மோஷனில் இரண்டும் கிடையாது. குறை தெரியவே தெரியாத ஒரே நிலையில் வைத்துப் பார்த்துவிட்டு, வேலை அட்டையில் ‘குறைபாடு இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்.

அதோடு விட்டாரா? பையிலிருந்து ஊசி ஒன்றை எடுத்து, “ஊசியெல்லாம் ஒண்டுதான், இதப் போடுங்க” என்று நீட்டினார். அது ஆடைத் தொழிற்சாலை மெஷினுக்குரிய டி.பி.எக்ஸ்.1 ஊசி. அதன் காம்பு உருண்டை. வீட்டு மெஷினின் எச்.ஏ.எக்ஸ்.1 ஊசிக்குக் காம்பின் ஒரு பக்கம் தட்டை. தடிப்பும் நீளமும் வேறு. உருண்டைக் காம்பை இந்த மெஷினில் இறுக்கினால் அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். கண் இருக்க வேண்டிய உயரத்திலும் இருக்காது. ஹூக்கில் மோதி ஹூக் முனை உடைந்திருந்தால், ‘வாடிக்கையாளர் பிழையான ஊசி போட்டார்’ என்று உத்தரவாதத்தையும் கிழித்திருப்பீர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தோன்றினால் மன்னியுங்கள். உங்கள் காட்சியறையில் மெஷின் விற்ற தங்கச்சி அன்பாகத்தான் பேசினார். அவரைக் குறை சொல்லவில்லை.

தொலைபேசியில் கிடைத்த காரணங்களுக்கும் பதில் எழுதிவிடுகிறேன், மறுபடி அதையே சொல்லாமல் இருப்பதற்காக. (தமிழுக்கென்று ஓர் இலக்கத்தை அழுத்தச் சொல்கிறீர்கள், அழுத்தினால் சிங்களத்தில் பேசுகிறார்கள். தவணை கட்டச் சொல்லும் எஸ்.எம்.எஸ். மட்டும் நல்ல தமிழில், ஒரு நாளும் பிந்தாமல் வருகிறது.)

கடற்காற்றில் ஊசி துருப்பிடித்திருக்கும் என்றார்கள். துருப்பிடித்த ஊசி நூலைப் பிய்க்கும், அறுக்கும். இங்கே நூல் அறுவதே இல்லை. போடுவது உறை பிரித்த புது ஊசி, தட்டைப் பக்கம் பின்னால், முட்டும்வரை மேலே தள்ளி இறுக்கியது. கை வேகம் கூட என்றார்கள். வேகத்தைக் குறைத்தால் விடும் தையலின் எண்ணிக்கை குறைகிறது, விடும் பக்கம் மாறுவதில்லை. நூல் மலிவு என்றார்கள். அது உங்கள் காட்சியறையிலேயே வாங்கிய 40ஆம் இலக்கப் பொலியெஸ்டர் நூல். ஃபுட்டை உயர்த்திவைத்து நூல் கோத்து, இறக்கிய பிறகு தைத்தது.

டார்னிங் ஃபுட்டும் நீங்கள் விற்றதுதான். ‘எல்லா மெஷினுக்கும் சரி’ என்று உறையில் போட்டிருக்கிறது. ஊசி அடிமட்டத்தில் நிற்கும்போது அது குயில்டுக்கு மேல் 2 மி.மீ.க்குக் கூடுதலாகத் தொங்குகிறது. ஏ.ரி.எம். அட்டை ஒன்றின் தடிப்பளவு இடைவெளி இருந்தாலே துணி தாராளமாக நகரும். இவ்வளவு தூக்கலாக இருந்தால், ஊசி எழும்போது துணியும் அதோடு ஒட்டிக்கொண்டு எழும். துணி நூலை விட்டால்தானே வளையம் பிதுங்கும்? ஊசியின் இரு பக்கமும் விரலால் துணியை அமத்திப் பிடித்துத் தைத்தால் பாதிக்கு மேல் சரியாகிறது. விரலைக் கொடுத்துத் தைப்பதற்கா இந்த விலை? ஃபுட்டில் உயரம் மாற்றும் திருகாணியும் இல்லை. ஊசிக்குக் கீழே உள்ள 7 மி.மீ. அகல ஸிக்ஸாக் தட்டின் நீள ஓட்டைக்குள் ஊசி துணியை இடித்து இறக்குவதும் இதற்குத் துணை. ஒற்றைத் துளைத் தட்டு வருவித்துத் தருவதாகக் காட்சியறையில் எழுதிக்கொண்டார்கள். அந்தத் தட்டு இன்னும் கப்பலில்தான் வருகிறது போலும்.

ஆக, ஒன்றல்ல, இரண்டு குறை: தூக்கலான ஃபுட், விலகிய ஹூக். ஃபுட்டை மட்டும் மாற்றித் தந்து அனுப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். விரலால் அமத்தும்போதும் என் பக்கம் வரும் பாதியில் தையல் விடத்தான் செய்கிறது.

நட்டத்துக்கு வருகிறேன். 60க்கு 80 அங்குலக் குயில்டில் விட்ட தையலைப் பிரித்தால் கைத்தறித் துணியில் பழைய ஊசி ஓட்டை அடையாளம் போகாது. கல்யாண வீட்டுக்கு ஒப்புக்கொண்ட குயில்ட் முழுவதும் பாழ். துணி, பஞ்சு, நூல், பஸ் காசு எல்லாவற்றையும் விடுங்கள். ‘அங்க குடுத்தா தையல் பிரியும்’ என்று கல்லடியிலிருந்து காத்தான்குடி வரைக்கும் பெயர் கெட்டுவிட்டது. வாழ்நாள் முழுவதும் தைத்தாலும் அந்தப் பெயரை மீட்க முடியாது. இதற்கு உங்கள் முழுக் காட்சியறையையும் எழுதித் தந்தாலும் ஈடாகாது.

ஆயினும் நான் கேட்பது நியாயமானதுதான். சேவைக் கைந்நூலைப் படித்த மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு அனுப்புங்கள். மெஷினைத் தூக்கிக்கொண்டு நான் இனி எங்கும் வரப்போவதில்லை. அவர் வந்து, மின்சாரத்தை நிறுத்தி, தட்டையும் பொபின் கேஸையும் கழற்றி, புது 14 ஊசி போட்டு, சக்கரத்தைக் கையால் தன் பக்கம் சுற்றி, ஊசி எழும்போது ஹூக் முனை எங்கே நிற்கிறது, ஊசிக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு, ஊசித் தண்டின் உயரம் சரியா என்று என் கண் முன்னால் அளக்கட்டும். அளவைத் தமிழில் எழுதிக் கையொப்பமிடட்டும். சரிசெய்த பிறகு மூன்று அடுக்குத் துணியில், ஃபீட் டொக் இறக்கி, வட்டம் போட்டுக் காட்டட்டும். இந்த மொடலுக்குரிய உயரம் மாற்றக்கூடிய ஃபுட்டும் ஒற்றைத் துளைத் தட்டும் அவரோடு வர வேண்டும். அளந்து சரிசெய்ய முடியாத மெஷின் என்றால் புதிது தாருங்கள், அல்லது கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் எழுத்துமூலம் முறையிடுவேன். அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்வதும் உறுதி. மத்தியஸ்த சபைக்கும் போவேன். உங்கள் முகநூல் பக்கத்தில் குயில்ட் படம் போடும் ஒவ்வொரு முறையும் அதற்குக் கீழே என் வட்டத்தின் படமும் இருக்கும். அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. மெஷின் தைத்தால் எனக்குப் போதும். தயவுசெய்து கவனியுங்கள்.

பற்றுச்சீட்டு, வொரண்டி கார்ட், வேலை அட்டை ஆகியவற்றின் பிரதிகளையும், 11, 14, 16 ஊசிகளால் வட்டம் போட்ட மூன்று துணித் துண்டுகளையும் இணைத்திருக்கிறேன். துண்டுகளில் என் பக்கம் வந்த பாதியைச் சிவப்புப் பேனையால் குறித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.

பி.கு.: கவுண்டரில் தந்த தொழிற்சாலை ஊசியையும் அட்டையில் ஒட்டி அனுப்புகிறேன். அது இந்த மெஷினுக்குப் பொருந்துமா, இல்லையா என்பதை மட்டும் உங்கள் பதிலின் முதல் வரியில் எழுதுங்கள்.