மரமும் பறவையும் ஒரே இடத்தில் எண்ணப்படட்டும்

சேர்வராயன் மலையில் கள ஆய்வு செய்யும் சேலம் கல்லூரிகளின் தாவரவியல், விலங்கியல் துறையினருக்கு,

வணக்கம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழல்மரங்களை ஒரு குழு எண்ணுகிறது, பறவைகளை இன்னொரு குழு எண்ணுகிறது. இரண்டும் தனித்தனி ஆய்வேடாகவே முடிந்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சேர்த்துப் பார்ப்பவர்களும் மர இனங்களின் எண்ணிக்கைக்கும் பறவை இனங்களின் எண்ணிக்கைக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒற்றை எண்) போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு தோட்டத்தில் எட்டு மர இனம், அதில் அத்தி, பலா, நாவல் நிறைய. இன்னொன்றிலும் எட்டுதான், ஆனால் நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக். எண்ணில் இரண்டும் ஒன்று. அத்திப்பழம் தின்ன வரும் குக்குறுவானுக்கு எப்படி ஒன்றாகும்?

எந்த இடத்தில் எந்த இனம் எத்தனை என்று மரத்துக்கு ஓர் அட்டவணை, பறவைக்கு ஓர் அட்டவணை; இந்த இரண்டையும் முழுதாக ஒப்பிட வழி இருக்கிறது. பலரும் எடுப்பது 1967இல் வந்த மேண்டல் சோதனை. அது ஒவ்வோர் அட்டவணையையும் இடங்களுக்கிடையேயான வேறுபாடுகளாகச் சுருக்கிவிடும். எந்த மரத்தோடு எந்தப் பறவை என்பது அங்கேயே தொலைந்துவிடுகிறது. புரோக்ரஸ்டிஸ் முறை, ஒத்த தோட்டங்கள் அருகருகே வருமாறு ஒவ்வோர் அட்டவணைக்கும் வரைந்த புள்ளிப் படங்கள் இரண்டையும் சுழற்றி, பொருத்தி, எந்தெந்தத் தோட்டம் பொருந்தவில்லை என்றும் காட்டும். என் தேர்வு, ஆய்வாளர்கள் டொலெடெக்கும் ஷெசெலும் 1994இல் எழுதிய கோ-இனர்ஷியா என்னும் முறை. இரு அட்டவணைகளும் சேர்ந்து மாறும் திசைகளை அது தேடுகிறது. முப்பது இடத்தில் அறுபது மர இனம் இருந்தாலும் திணறாது; இரு அட்டவணைகளை ஒப்பிடும் பழைய முறையான கனோனிக்கல் ஒட்டுறவு, இடங்களைவிட இனங்கள் அதிகமானால் நின்றுபோகும். மரத்தை வைத்துப் பறவையைக் கணிக்க வேண்டுமென்றால் டெர் பிராக்கும் ஷாஃபர்ஸும் 2004இல் தந்த கோ-கரஸ்பாண்டன்ஸ் முறை இருக்கிறது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் எல்லாமே இலவசம்.

நம் மலையில் முக்கியமான சிக்கல் உயரம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டின் 1,500 மீட்டர் வரை ஏறினால் மரமும் மாறும், பறவையும் மாறும். இரண்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லாவிட்டாலும் சோதனை தொடர்பு இருப்பதாகச் சொல்லும். அதனால் ஒரே உயரத்துக்குள் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் உயரத்தின் விளைவை இரு அட்டவணைகளிலிருந்தும் முதலில் கழியுங்கள். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் இயல்பாகவே ஒத்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்; மேண்டல் சோதனை இதில் எளிதாக ஏமாறும்.

நான் கேட்பது இதுதான். அடுத்த கணக்கெடுப்புக்கு இடம் குறிக்கும்போதே இரு துறையும் சேர்ந்து உட்காருங்கள். இட எண்ணும் ஜிபிஎஸ் புள்ளியும் ஒன்றாக இருக்கட்டும். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து சேரும், அதனால் எல்லா இடத்தையும் ஒரே பருவத்தில் எண்ணுங்கள். அப்புறம், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இனப் பட்டியலை மட்டும் தராமல், எந்த இடத்தில் எத்தனை என்ற முழு அட்டவணையையும் சேருங்கள்.

அன்புடன்,
சேலத்துப் புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்