எங்கே பழகினாய் என்று கேட்காமல் வேலையைப் பாருங்கள்

தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் பொறுப்பில் இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். நான் மட்டக்களப்பு படுவான்கரையில் உழவு மெசினும் லேண்ட்மாஸ்டரும் தண்ணீர்ப் பம்பும் திருத்துகிறவன். போர்க்காலத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் வாகனப் பகுதியில் பழகிய வேலை. என்னைப் போல அங்கே தொழில் பழகி, இன்று அதே தொழிலால் வீட்டில் உலை வைக்கிறவர்கள் இந்தப் பக்கம் பலர் இருக்கிறார்கள். எங்களுக்கு வேலை தெரியும். அதைச் சொல்லும் தாள் ஒன்று மட்டும் கையில் இல்லை.

வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே பழகினவர்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை ஒன்றை நீங்களே வைத்திருக்கிறீர்கள். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். நல்ல ஏற்பாடு, அதை நம்பித்தான் நானும் விண்ணப்பம் கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கச்சி மரியாதையாகத்தான் கேட்டார்: "அண்ணன், 2001இலிருந்து 2004 வரைக்கும் எங்க வேலை பழகினீங்க? சேவைக் கடிதம் இருக்கா?" நான் என்ன எழுதுவது? உண்மையை எழுதினால் அந்தத் தாள் யார் யாருடைய கைக்குப் போகும் என்று தெரியாது. பொய் எழுத மனம் வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன், விண்ணப்பம் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு செய்த வேலைக்குக் கடிதம் வாங்கலாமே என்பீர்கள். யாரிடம் வாங்குவது? வீட்டு முற்றத்திலும் வயல் வரம்பிலும்தான் என் வேலை. பெயர்ப்பலகை இல்லை, பில் புத்தகம் இல்லை, கடிதம் தர முதலாளியும் இல்லை. அரிசி மூட்டையைக் கூலியாகத் தந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது உங்கள் கோப்பில் ஏறாது.

அங்கே என்ன பழகினோம் என்று கொஞ்சம் சொல்ல விடுங்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்ட காலம் அது. என்னைக் கொண்டுபோனபோது ஓ.எல். பரீட்சை எடுத்திருக்கவில்லை. விடியுமுன் விசில், ஓட்டம், அப்புறம் பிளேன்ரீ. பாலை மரத்தடியில் தறப்பாள் விரித்து ஒரு டீசல் இஞ்சினை வைத்திருப்பார்கள். படிப்பித்தவர் வயதான மெக்கானிக். திட்டும்போதுகூட "மனே" என்றுதான் கூப்பிடுவார். கழற்றும் நட்டு ஒவ்வொன்றையும் கழற்றிய ஒழுங்கிலேயே சாக்கின் மேல் அடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் தேடி எடுத்த பிறகுதான் சோறு.

படுவான்கரைக்கு அப்போது டோர்ச் பற்றரிகூட ஒழுங்காக வராது, அளவுக்கருவி எங்கே வரும்? வால்வு இடைவெளியைச் சவர பிளேடு வைத்துத்தான் பார்த்தோம். ஒரு பிளேடு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்பு, மூன்றைச் சேர்த்தால் 0.3. பிஸ்டனை மேலே கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது பிளேடுகளை நுழைத்து இழுக்க வேண்டும். லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் திரும்பவும் இறுக்க வேண்டும். டீசல் முடிந்து குழாய்க்குள் காற்றுப் போனால் பில்டரின் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழ் நின்று வெறும் டீசல் வரும்வரை விட்டு இறுக்குவோம். பிறகு இன்ஜெக்டர் குழாய் நட்டுகளில் ஒவ்வொன்றாக அதே வேலை. இரவில் வெளிச்சம் கூடாது, விரலால் தடவியே செய்யப் பழக்கினார்கள். ஹெலி சத்தம் கேட்டால் இஞ்சினைத் தறப்பாளால் மூடிவிட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடுவோம்.

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் தொழில் பழக வேண்டிய இடம் அது இல்லை. அம்மா முகாம் வாசலில் வந்து நின்று அழுதுவிட்டுப் போவார். கூடப் பழகியவர்களில் சிலர் வீடு திரும்பவே இல்லை. எந்தப் பிள்ளைக்கும் அந்தக் காலம் வரக்கூடாது. ஆனால் படிப்புப் போன இடத்தில் எனக்கு மிஞ்சியது இந்தத் தொழில் ஒன்றுதான், அதையும் இல்லையென்று ஆக்கிவிடாதீர்கள்.

2004 சித்திரையில், இயக்கம் இரண்டாகப் பிரிந்து தமக்குள் மோதிய வெருகல் சண்டையோடு, எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். 2009க்குப் பிறகு அரசாங்கத்தின் புனர்வாழ்வுக்குப் போனவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களில் பலருக்குத் தொழிற்பயிற்சியாவது கிடைத்தது. ஐந்து வருடம் முந்தி வீடு வந்த நாங்கள் அந்தக் கணக்கில் இல்லை. இராணுவத்தில் வாகனம் திருத்தப் பழகியவர் விலகும்போது அவர் செய்த வேலை சேவைப் பதிவில் இருக்கும். அதில் எனக்குப் பொறாமை இல்லை. இஞ்சின் ஒன்றுதானே, அதைத் திருத்துகிறவனை ஏன் இரண்டாகப் பார்க்க வேண்டும்?

பெண்பிள்ளைகளின் பாடு இதைவிடக் கஷ்டம். கிரான் பக்கம் ஒரு தங்கச்சி தொலைத்தொடர்புப் பகுதியில் வோக்கி திருத்தப் பழகியவர். இன்று போனுக்கு ஈயம் பற்றவைப்பதில் அவ்வளவு சுத்தம். ஆனால் எங்கே பழகினேன் என்று சொன்னால் மகளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று வாய் திறப்பதில்லை. கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார்.

ஆகவே, போர் நடந்த மாவட்டங்களில் சேவைக் கடிதத்தைக் கட்டாயம் ஆக்காதீர்கள். கமக்காரர் அமைப்போ மீனவர் சங்கமோ "இவர் எங்கள் மெசினைத் திருத்துகிறவர்" என்று எழுதினால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். எங்கே பழகினாய் என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ஓடாத இஞ்சின் ஒன்றை முன்னால் வையுங்கள். ஓடவைக்க முடியாதவனுக்குச் சான்றிதழ் வேண்டாம், அதில் எங்களுக்கும் சலுகை தேவையில்லை. சோதிக்க வருகிறவர் தமிழில் கேட்கக்கூடியவராக இருக்கட்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாங்கள் டவுனுக்கு வருவதைவிட, நீங்கள் கொக்கட்டிச்சோலைக்கும் வாகரைக்கும் வந்தால் ஆட்கள் கூடுதலாக வருவார்கள். மண்முனையில் 2014இலிருந்து பாலம் இருக்கிறது, ஆற்றைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை.

மாரி வெள்ளாமை வெட்டுக் காலத்தில் மட்டும் நாள் வைக்காதீர்கள். தை, மாசியில் மெசின் திருத்துகிறவர்கள் எல்லாரும் வயலில்தான் நிற்பார்கள். பங்குனி முடிய வாருங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு மெக்கானிக்