மிதவாதி என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. மறுபடி படிக்கலாம் என்றதும் கையில் எடுத்தது பழைய காங்கிரஸ் தலைவர் கோபால கிருஷ்ண கோகலேயைத்தான். அவரைப் போல சட்டத்துக்குள் நின்று வெள்ளைக்காரனோடு வாதாடிய மிதவாதிகள் மனுப் போட்டே காலம் தள்ளியவர்கள் என்று நீ எழுதியதுதான் காரணம்.

அந்தக் காலத்துச் சட்டசபையைக் கொஞ்சம் நினைத்துப்பார். 1902-இல் கோகலே வைஸ்ராய் கர்சன் பிரபுவின் சபையில் உட்கார்ந்தபோது, உறுப்பினர்கள் பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. கூச்சல் போட்டு அங்கே என்ன நடக்கும்? மனுஷன் கணக்கைக் கையில் எடுத்தார் (பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகம் போட்ட வாத்தியார் ஆயிற்றே). சர்க்கார் உபரி காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது. பஞ்சம் அடித்துப்போட்ட நாட்டில் உபரி ஏது? ரூபாயின் மாற்று மதிப்பு விழுந்தபோது ஏற்றிய வரியை, மதிப்பு ஏறிய பிறகும் குறைக்காமல் ஏழைகளிடம் வசூலித்த பணம் அது என்று சர்க்காரின் புள்ளிவிவரத்தை வைத்தே காட்டினார். உப்பு வரியையும் விடவில்லை. மணங்குக்கு (சுமார் 37 கிலோ) 2½ ரூபாயாக இருந்த வரி 1903-இல் 2 ஆயிற்று, 1905-இல் 1½, 1907-இல் 1 ரூபாய். எல்லாம் அவர் ஒருவரால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டே இல்லாத ஒரு ஆள் இதைவிட வேறு எப்படிச் சண்டை போட்டிருக்க முடியும், சொல்.

1897 விவகாரத்தை நீ எடுப்பாய் என்று தெரியும். பிளேக் சமயத்தில் புனாவில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பெண்களிடம் அத்துமீறினார்கள் என்று இங்கிலாந்தில் சொன்னார். திரும்பி வந்தபோது அதை நிரூபிக்க ஆதாரம் கிடைக்கவில்லை, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கோழை என்று ஊரே ஏசியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிரூபிக்க முடியாததைப் பிடித்துத் தொங்காத ஆளால்தான் பிற்பாடு அந்தப் பட்ஜெட் பேச்சுகளைப் பேச முடிந்தது. 1907-இல் காங்கிரஸ் மிதவாதிகள், தீவிரவாதிகள் என்று இரண்டாக உடைந்த சூரத் பிளவில் மட்டும் உன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னை அசைத்தது 1911-இல் அவர் கொண்டுவந்த ஆரம்பக் கல்வி மசோதாதான். எவ்வளவு அடக்கமான மசோதா தெரியுமா! 6 முதல் 10 வயது வரை பையன்களுக்குக் கட்டாயக் கல்வி. அதுவும் நாடு முழுக்க அல்ல. ஏற்கெனவே ஓரளவு பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் ஊர்களில், நகராட்சியோ ஜில்லா போர்டோ விரும்பினால், சர்க்கார் அனுமதித்தால் மட்டும். மாதம் 10 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பாதிக்கும் பெற்றோர் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டாம். இத்தனை 'ஆனால்' போட்டும் 1912 மார்ச்சில் 38-க்கு 13 என்று தோற்கடித்தார்கள். சபையில் அதிகாரிகள்தான் பெரும்பான்மை, வேறென்ன நடக்கும்? சாயங்காலத்துக்குள் மசோதா விழுந்துவிடும் என்று தெரிந்துகொண்டே ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எங்கள் தலைமுறை தோல்விகளால்தான் நாட்டுக்கு உழைக்க முடியும் என்றும் சொன்னார். எனக்கு அந்தப் பொறுமை வராது, உனக்குச் சுத்தமாக வராது.

1915-இல் அவர் போனபோது வயது 48தான். ஆயுள் முழுக்க அவரோடு மல்லுக்கட்டிய தீவிரவாதித் தலைவர் திலகர் சுடுகாட்டுக்கு வந்து, இந்தியாவின் வைரம் என்று பேசினார். திலகருக்குத் தெரிந்திருக்கிறது, உனக்குத்தான் தெரியவில்லை!

அந்த 1912 விவாதத்தைத் தேடிப் படித்துவிட்டு அப்புறம் திட்டு. முழங்கால் வலிக்கு என்ன செய்கிறாய் என்றும் எழுது.

உன்
பழைய எதிர்க்கட்சி