வலைமேல் வைத்த பணம்: இராமநாதபுரம் கடலோரக் கத்தோலிக்கப் பங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தையர்க்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் தொடங்கி மூக்கையூர் வரை நம் ஆலயங்கள் எல்லாவற்றிலும், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஆண்டவர் பாலைநிலத்தில் சோதிக்கப்பட்ட நற்செய்தியே ஆண்டுதோறும் வாசிக்கப்படுகிறது. குடியை விடுங்கள், கைப்பேசியில் கண்டதையும் பார்க்காதீர்கள் என்று மறையுரையும் ஏறத்தாழ ஒரே தடத்தில் செல்கிறது. அவை தேவையான அறிவுரைகள்தாம். ஆனால், விழுந்தவனைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அவன் விழுவதற்கு முந்தைய நாட்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. சோதனை நடப்பதோ அந்த நாட்களில்தான்.

மத்தேயு எழுதியிருக்கும் வரிசையைப் பாருங்கள். ஆண்டவர் நாற்பது நாள் நோன்பிருக்கிறார், பசி எடுக்கிறது, அதன் பிறகே சோதிப்பவன் அருகில் வருகிறான். வந்தவன் முதலில் பேசியதும் அப்பத்தைப் பற்றித்தான். நம் கரையில் தவக்காலம் முடிவதும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. மீன் குஞ்சு பொரித்துப் பெருக அந்த ஓய்வு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும், நிவாரணப் பணம் கடைக்கடனுக்கே காணாத வீட்டில், பள்ளிக்கூடம் திறக்கப் போகும் நேரமாகப் பார்த்து, ஒருவர் வந்து திண்ணையில் உட்காருகிறார்.

என் திண்ணையிலும் உட்கார்ந்தார். அப்போது தடைக்காலம் 45 நாள். நான் விசைப்படகில், பிடிபடும் மீனில் பங்கு என்ற கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வந்தவர் கோயிலில் பார்த்துப் பழகியவர். கடத்த வேண்டியது கடலடியில் வாழும் கடல் அட்டை என்ற உயிரி; அந்தச் சொல்லை அவர் எடுக்கவே இல்லை. “ஒரே ஒரு நடைதான் மாப்ளே. ஃபைபர் படகுல நாலு மூட்டை. விடியறதுக்குள்ள கரைக்கு வந்துரலாம்” என்றார். 2001 முதல் அட்டை பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுந்து போகும்போது, நான் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையின் மேல் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை மடித்து வைத்துவிட்டு, யோசித்துச் சொல்லச் சொன்னார். அதை நான் எடுக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை. வலையைச் சுருட்டி மூலையில் வைத்தேன். இரண்டு நாள் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பள்ளிக் கட்டணம் இவ்வளவு, வட்டி இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. அந்தக் கணக்குக்கு நடுவே, ‘போகலாமா’ என்ற கேள்வி ‘எப்படிப் போவது’ என்று எப்போது மாறியது என்பதை இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

மனிதர் தம் சொந்த நாட்டத்தாலேயே இழுக்கப்பட்டு மயக்கப்படுகிறார் என்று யாக்கோபு தம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் சொல்கிறார். கிரேக்க மூலத்தில் அவர் அங்கே ஆளும் சொல், தூண்டில் இரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. இதை நம்மைவிட நன்றாக யாரால் புரிந்துகொள்ள முடியும்? விளமீனுக்குக் கணவாய்த் துண்டைக் கோர்க்கும்போது முள் துளியும் வெளியே தெரியாமல்தான் கோர்ப்போம். மீன் வந்தவுடன் விழுங்குவதில்லை. தட்டிப் பார்க்கும், விலகும், மறுபடி வரும். தூண்டில் நரம்பைப் பிடித்திருக்கும் விரலுக்கு ஒவ்வொரு தட்டலும் தெரியும். தட்டிப் பார்க்கிற மீன் இன்னும் பிடிபட்ட மீன் அல்ல. எண்ணம் வருவதே பாவம் என்றால், எல்லா வகையிலும் சோதிக்கப்பட்டும் பாவம் செய்யாதவர் என்று எபிரேயர் திருமுகம் ஆண்டவரைச் சொல்லியிருக்க முடியாது. நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எண்ணம் வந்ததாலேயே தான் கெட்டுவிட்டதாக நம்புகிற பையன், இனி என்ன இருக்கிறது என்று முள்ளோடு சேர்த்து விழுங்கிவிடுகிறான்.

மூன்றாம் நாள் என் மனைவி திண்ணையைக் கூட்டுவதற்காக வலையை எடுத்து உதறினாள். தாள்கள் தரையில் விழுந்தன. “இது யாரு காசு?” என்று கேட்டாள். நான் வாய் திறந்து சொன்ன அந்த நேரத்திலேயே அதன் பிடி பாதி விட்டுப்போனது. மாலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். சோதனையோடு தப்பும் வழியையும் கடவுள் தருவார் என்று பவுல் எழுதியது எனக்கு அப்படித்தான் நிறைவேறியது. என் பக்தியின் வலிமையால் அல்ல. வறுமை தீர்ந்துவிடவில்லை. அந்த ஜூனில் மகளின் கம்மல் அடகுக்குப் போனது.

தீய ஆவி தன் பேச்சு வெளியே தெரியக் கூடாது என்று மறைத்துப் பழகும் கள்ளக் காதலனைப் போன்றது என்று இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் எழுதினார். 1693-இல் ஓரியூரில் மறைக்காகத் தலை கொடுத்த புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அந்தச் சபையில் உருவானவர். அவருக்குத் திருவிழா எடுக்கும் நாம், மறைத்ததை வெளியே சொல்லிவிட வேண்டும் என்ற இந்தப் பாடத்தைக் கைவிட்டுவிட்டோம். என்னோடு ஒரே படகில் வந்தவன் ஒருவன் வீட்டில் யாரும் வலையை உதறவில்லை. அவன் போனான், பிடிபட்டான். அடுத்த ஞாயிறு அவனைப் பற்றி மறையுரை கேட்டோம். அவனிடம் போய் ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதற்குப் பின் அவன் கோயில் படி ஏறியதே இல்லை.

ஆகவே உங்களை வேண்டுகிறேன். அன்பியக் கூட்டம் பெண்கள் செபமாலை சொல்லிக் கலையும் கூட்டமாகவே இருக்க வேண்டாம். தடைக்காலத்தில் வாரம் ஒரு மாலை ஆண்களும் உட்காரட்டும், அங்கே பேசியது அங்கேயே நிற்கட்டும். ஈஸ்டர் பெருவிழாவான பாஸ்காவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் முன்பு மட்டுமன்றி, மே மாத மாலைகளிலும் பங்குத்தந்தை, பாவ அறிக்கை கேட்கும் ஒப்புரவு இருக்கையில் அமரட்டும். தன் பசிக்காகக் கல்லை அப்பமாக்க மறுத்த ஆண்டவர், பிறருடைய பசிக்கு அப்பத்தைப் பெருக்கிக் கொடுத்தார்; எனவே, பள்ளி திறக்கும் மாதத்தில் பங்கு நிதியிலிருந்து வட்டியில்லாக் கைமாற்று கொடுக்க வழி செய்யுங்கள். இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். தேருக்கும் கொடிமரத்துக்கும் பெருந்தொகை தருகிறவரிடம், அது எப்படி வந்த பணம் என்று கேட்காமல் பேரவை வாங்கிக்கொண்டால், அதுவும் வலைமேல் வைத்த பணம்தான்.

‘எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்’ என்றுதான் நாம் செபிக்கிறோம். ‘என்னை’ என்று ஒருவரும் சொல்வதில்லை. வரும் ஏப்ரல் 15-க்கு முன் பேரவை கூடும்போது இதை எடுத்துப் பேசுங்கள். முதல் கூட்டத்துக்கு என் வீட்டுத் திண்ணையைத் தருகிறேன். அந்த மனிதர் வந்து உட்கார்ந்த அதே திண்ணை.

இவ்வண்ணம்,
தங்கச்சிமடம் பகுதி மீனவர் ஒருவர்