எமது கணினி மன்றத்தின் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

சந்தா, அறை வாடகை, மின்கட்டணக் கணக்குகளைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். போயா (பௌர்ணமி) நாள் கூட்டங்கள், அடைமழையால் தவறியது தவிர, ஒழுங்காக நடந்தன. அவற்றை இத்தோடு விட்டு, ஒரே விடயத்துக்கு அதிக நேரம் எடுக்க அனுமதி கேட்கிறேன். இந்த ஆண்டு என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான்: "அண்ணே, புரோசசரை ஓவர்குளொக் பண்ணினா கேம் ஸ்பீடா ஓடுமா?" அதாவது, கணினியின் கணக்குப் போடும் மூளையான புரோசசரை, உற்பத்தியாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டால் விளையாட்டு வேகமாகுமா என்று.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் தம்பி, தன் கணினிப் பெட்டியைக் கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்தே ஹட்டனுக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 3600 புரோசசர், ஒற்றை 8 ஜீ.பி. ரேம் (தற்காலிக நினைவகம்), படத்தைத் திரைக்கு வரையும் பழைய ஜீ.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கிராபிக்ஸ் கார்ட். புரோசசரின் சூட்டைத் தணிக்கும் லிக்விட் கூலர் வாங்கித் தரும்படி அம்மாவிடம் கேட்டுவிட்டதாகவும் சொன்னார். அம்மா கொழுந்து எடுப்பவர். நாட்சம்பளம் 1,350 ரூபாயானதே இந்த செப்டெம்பரில்தான். கூலருக்கு எத்தனை பேர் (தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கான பதிவு) விழவேண்டும் என்று நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன்.

முதலில் பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) வேகத்தைப் பெருக்கும் எண்ணான மல்டிபிளையரை 42 ஆக்கினோம். மதர்போர்டின் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 42ஆல் பெருக்கினால் 4.2 கிகாஹெர்ட்ஸ். ஜீ.டி.ஏ. 5 விளையாட்டைத் திறந்தோம். திரை மூலையில் ஃபிரேம் எண்ணிக்கை (ஒரு செக்கனில் வரையப்படும் படங்கள்) முன்பிருந்த இடத்திலேயே நின்றது. கிராபிக்ஸ் கார்ட் 99 வீதம் என்று காட்டியது, புரோசசர் பாதி வேலைகூடச் செய்யவில்லை. பிறகு கார்டின் வேலை குறையும்படி ரெசலூஷனை (திரையின் புள்ளிகளின் எண்ணிக்கையை) 1280க்கு 720 ஆகக் குறைத்தோம். ஃபிரேம் எண் சட்டென்று ஏறியது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார், விளக்கம் தேவைப்படவில்லை.

இங்கே வந்திருக்கும் பெற்றோருக்காக ஒரு வார்த்தை. மலையில் எவ்வளவு வேகமாகக் கொழுந்து பறித்தாலும், தொழிற்சாலையில் வாட்டும் தட்டு நிறைந்து கிடந்தால் அன்றைய தேயிலை கூடப்போவதில்லை. ஒவ்வொரு ஃபிரேமையும் புரோசசர் கணக்குப் போட்டுக் கொடுக்க, கிராபிக்ஸ் கார்ட் வரைகிறது. செக்கனுக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன். கார்ட் வரைய 16 மில்லிசெக்கன் எடுக்கும்போது, புரோசசர் தன் பங்கை 9இலிருந்து 8ஆகக் குறைத்து என்ன பயன்?

புரோசசரே முட்டுக்கட்டையாக நிற்கும் இடங்களும் உண்டு. வலொரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற விளையாட்டுகளைக் குறைந்த செட்டிங்கில், செக்கனுக்கு 144 படம் காட்டும் 144 ஹெர்ட்ஸ் மொனிட்டரில் ஆடுபவர்களுக்கு வேகம் கூட்டினால் பலன் தெரியும், திக்கல்கள் குறையும். ஆனாலும் 1998இல் வந்த செலரொன் 300ஏ என்ற இன்டெல் புரோசசரின் காலம் போய்விட்டது. அன்று மதர்போர்டின் துடிப்பான 'பஸ்' வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடியது. இன்று அந்த மிச்சத்தை உற்பத்தியாளரே எடுத்துக்கொள்கிறார். தம்பியின் ரைசன் 3600இன் அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ்தான் என்றாலும், தேவைப்பட்டால் தானாகவே 4.2 வரை ஏறும். நாம் கையால் 42 போட்டது, அது ஏற்கெனவே ஏறிய படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி. 2022இல் வந்த ஏ.எம்.டி.யின் 5800எக்ஸ்3டி புரோசசர் இன்னும் நல்ல சான்று. சாதாரண 5800எக்ஸை விட வேகம் குறைவு, மல்டிபிளையரும் பூட்டு. ஆனால் 96 எம்.பி. எல்3 கேஷ் (புரோசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இருப்பதால் பெரும்பாலான கேம்களில் அதுதான் முந்துகிறது.

தம்பிக்கு உண்மையில் உதவியது ரேம். அதே அளவு இன்னொரு ரேமை மன்றத்திலிருந்து இரவல் கொடுத்து, இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி இரட்டைச் சனலில் போட்டோம். 3200 வேகம் என்று எழுதிய அவரது ரேம், எக்ஸ்.எம்.பி. (ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓடவிடும் பயோஸ் அமைப்பு) போடாததால் 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் போட்டோம். 3200 என்பது அந்தப் புரோசசருக்கு ஏ.எம்.டி. குறித்த எல்லைக்குள்தான். மாற்றிய பிறகு வலொரன்டில் சண்டை நடக்கும்போது வந்த திக்கல் போய்விட்டது. கூலர் வேண்டாம் என்று அன்று மாலையே அம்மாவுக்கு அழைத்துச் சொன்னார்.

"நம்ம ஊர் குளிர்தானே, சூடு பார்க்கத் தேவையில்லை" என்றும் சிலர் சொன்னார்கள். அறையின் சூடு 10 பாகை குறைந்தால் சிப்பின் சூடும் ஏறக்குறைய அவ்வளவு குறையும், அது நமக்கு வரம்தான். ஆனால் வேகம் கூட்டப் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் (வோல்ட்) ஏற்றவேண்டும், அது ஏறினால் மின்நுகர்வு அதன் வர்க்கமாக ஏறும். வோல்ட்டும் வேகமும் தலா 10 வீதம் கூடினால் மின்நுகர்வு ஏறக்குறைய 33 வீதம் கூடும். இந்த ஆண்டு இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிப்களில் நடந்ததை எல்லோரும் அறிவீர்கள். அந்தச் சிப்கள் மிதமிஞ்சிய வோல்ட் கேட்டதால், ஓவர்குளொக் செய்யாதவர்களின் சிப்களும் கெட்டன. ஓகஸ்டில் மைக்ரோகோட் (சிப்பின் உள்கட்டளை) திருத்தம் வந்தது, உத்தரவாதமும் 2 ஆண்டு நீண்டது. ஏற்கெனவே கெட்டவற்றை அந்தத் திருத்தம் சரிசெய்யாது.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். என் கணினியின் புரோசசரை வேகம் கூட்டி 1.4 வோல்ட்டில் ஓடவிட்டேன். அரைமணி நேரச் சோதனையில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் இரவு தங்கை தன் பாடசாலைச் செயற்றிட்டத்தைச் சேமிக்கும்போது, கணினி செயலிழந்ததைக் காட்டும் நீலத்திரை விழுந்தது. பிறகு கணினி எழும்பவே இல்லை. பயோஸ் அமைப்புகள் பழையபடி ஆகும்படி மதர்போர்டின் நாணய வடிவ பெட்டரியைக் கழற்றி, காத்திருந்து, திரும்பப் போட்டதும் எழும்பியது. கோப்பு திரும்பவில்லை. அவள் அழாமல் முதற்பக்கத்திலிருந்து மறுபடி தட்டத் தொடங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்தேன்.

ஆகவே சபைக்கு இரண்டு யோசனைகள். மன்ற அறையில் யாரும் வேகம் கூட்ட முன்னர், 720இல் ஓடவிட்டு எது முட்டுக்கட்டை என்று பார்க்கவேண்டும், கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்திருக்கவேண்டும். அடுத்து, வரும் ஆண்டுச் சந்தாவிலிருந்து இரவல் கொடுப்பதற்கு இன்னும் ஒரு சோடி ரேம் வாங்கவேண்டும். தம்பியிடம் இருப்பது இன்னும் இரவல் ரேம்தான், அதை அவரிடமே விட்டுவைக்கவும் சபையின் சம்மதம் கேட்கிறேன்.

நன்றி.

செயலாளர்