நொண்டிச் சேவல்

அன்புள்ள தங்கராஜ்,

ஸ்தோத்திரம். ஏழு மாசமாகப் பதில் போடவில்லை என்று என்னை வைதிருப்பாய். வை, தப்பில்லை. நீ போன் போட்டபோதெல்லாம் "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று சொன்னதும் நான்தான், கூப்பிடாததும் நான்தான். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி, எனக்குச் சர்க்கரை, வீட்டுக்கு ஓட்டில் ஒழுகல். மைனிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக, நம்ம பாடகர் குழுவில் பாஸ் குரல் பாடுகிற பாஸ் வாத்தியார் சொன்னார். நான் விசாரித்ததாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காமல் படி. முடியாது என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நம்ம கோவிலில் அறுப்பின் பண்டிகை, அவரவர் வீட்டு விளைச்சலைக் காணிக்கையாகக் கொடுத்து, கோவிலுக்காக ஏலம் விடுகிற நாள். வீட்டில் இரண்டு சேவல் நிற்கிறது. ஒன்று செவலை, கழுத்து மயிர் வெயிலில் செம்புப் பாத்திரம் மாதிரி மின்னும். இன்னொன்று கறுப்பு. அதைப் பங்குனியில் நாய் கவ்வி இடது கால் போய்விட்டது, இழுத்து இழுத்துத்தான் நடக்கும். "எதைக் கொடுக்கப் போறீங்க?" என்று உன் தங்கச்சி கேட்டாள். "செவலை கிறிஸ்துமஸுக்குப் பையன் வரும்போது வேணும். கறுப்பைக் கொடுப்போம். ஏலம் போடத்தானே, காலு எதுக்கு?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

இதோடு விட்டேனா? பனைநார் எடுத்து அதன் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினேன். கட்டிப் போட்ட சேவலில் எது நல்ல கால், எது கெட்ட கால் என்று எவனுக்குத் தெரியும்! முப்பத்து நாலு வருஷம் வங்கியில் கள்ள நோட்டுப் பிடித்தவனுக்கு அன்றைக்கு இந்த மூளை வேலை செய்தது.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் ஏலம். உனக்குத் தெரியாததா, ஒரு முட்டை ஐந்நூறு ரூபாய்க்குப் போனது, எலுமிச்சம்பழம் முந்நூறுக்கு. பூசணிக்காய்க்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் போட்டி போட்டுப் பழைய சொத்துத் தகராறையே தீர்த்துக்கொண்டார்கள். அப்புறம் என் சேவல். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை நல்ல மனுஷன், "எல்லாரும் பாக்கட்டும்" என்று கட்டை அவிழ்த்துத் தரையில் விட்டார். அது மூன்று அடி வைத்தது, நாலாவது அடியில் பூசணிக்காய் மேல் சாய்ந்து உட்கார்ந்தது.

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, ஐம்பது வருஷமாகக் கோவிலில் பெடல் மிதித்து ஆர்கன் வாசிக்கிற என்னைப் பார்த்து, பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆர்கன்காரர் வீட்டுச் சேவல்லா! பெடல் மிதிச்சு மிதிச்சுக் காலு போயிட்டு!"

சபையே சிரித்தது. நம்ம போதகர் ஐயர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். வேறு யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஊரெல்லாம் காட்டிவிடக் கூடாதே என்று நானே ஏலம் கேட்டேன். பாஸ் வாத்தியார் விடுவாரா? நூறு நூறாக ஏற்றினார். ஆயிரத்து ஐந்நூறில் மூணு தரம் விழுந்தது. என் சேவலை நானே வாங்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன். வாசலில் உன் தங்கச்சி: "காசு கோவிலுக்குப் போச்சு, சேவலு வீட்டுக்கு வந்துட்டு. மானம் எங்க போச்சு?"

அன்று ராத்திரி தூக்கம் வராமல் பைபிளில் மல்கியா புத்தகத்தை எடுத்தேன். முதலாம் அதிகாரம் எட்டாம் வசனம் உனக்கும் மனப்பாடம், ஓய்வுநாள் பள்ளியில் அதைத் தப்பாகச் சொல்லி நீ முட்டி போட்டது மறந்திருக்காது. கண் ஊனமானதையும் காலூனமானதையும் கொண்டுவருகிறீர்களே, "அதை நீ உன் அதிபதிக்குச் செலுத்து" என்று ஆண்டவர் கேட்கிறாரே, அது. நான் அந்தக் கேள்வியை எங்கள் மண்டல மேலாளருக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நொண்டிச் சேவலையா கொண்டுபோயிருப்பேன்? நெல்லை போய் அல்வா, வெள்ளிக் குத்துவிளக்கு, அதற்கு மேல் ஒரு கும்பிடு.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வசனம் இல்லை, பதினாலாம் வசனம். "தன் மந்தையில் கடா இருக்கையில்" கெட்டுப்போனதைப் பலியிடுகிறவனைத்தான் அங்கே கபடஸ்தன் என்கிறது. நொண்டி ஆடு மட்டுமே உள்ளவனை அங்கே யாரும் திட்டவில்லை. நல்லது தொழுவத்தில் நிற்கும்போது நொண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவனுக்குத்தான் அந்த அடி. இந்த வசனத்தைப் பீடத்திலேயே எத்தனை தடவை வாசித்திருக்கிறேன், கடா என் கண்ணில் பட்டதே இல்லை.

இதற்குப் பிறகு மனசு சேவலை விட்டுவிட்டு என்மேல் பாய்ந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் என் கவுண்டரில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. காலை ஒன்பதே முக்காலுக்கு உட்கார்ந்தால் ஈ பறந்தாலும் தெரியும், அவ்வளவு கவனம். கோவிலுக்கு? சனிக்கிழமை சாயங்காலம் பாடல் பயிற்சிக்குப் பாதி நாள் போகமாட்டேன். ஞாயிறு காலை வண்டியில் வரும்போதே அன்றைக்குப் பாட வேண்டிய பாமாலைப் பாட்டு எண்ணைப் பார்த்துக்கொள்வேன். தெரிந்த இருபது ராகத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கறிச்சோறு தின்பேன். ரிட்டயர் ஆனதும் முழு நேரமும் ஊழியம் செய்வேன் என்று உன்னிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! பென்ஷன் வாங்கி மிச்சமான ஆயுசை ஆண்டவருக்கு எழுதிக் கொடுத்த வள்ளல் நான்.

நம்ம வெள்ளாளன்விளை அசரியாவை நினைத்துக்கொண்டேன். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினவர்களில் ஒருவர். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று உறுதியாக நின்றவர்கள் அவர்கள். அதோடு அவர் நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1909இல், ஒய்.எம்.சி.ஏ. செயலர் வேலையை விட்டுவிட்டு, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கே போய்விட்டார். அப்போது வயசு முப்பத்தைந்து. எனக்கு முப்பத்தைந்தில் என்ன கவலை தெரியுமா? பதவி உயர்வுப் பரீட்சை.

அவர் பெரிய மனுஷர், நமக்கு எதற்கு அந்த ஒப்பீடு என்று நீ சொல்வாய். சரி, நம்ம சாதிக்காரனுக்கு வருகிறேன். ஆர்கன் சாதியைச் சொல்கிறேன். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் இசை மேதை பாக், 1723இல் வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷம் கிட்டத்தட்ட வாரம் ஒரு புது இசைப் படைப்பு. எழுதி, படியெடுத்து, பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஞாயிறு பாட வைக்க வேண்டும். 1730இல் நகர சபைக்கு ஒரு மனு போட்டார். தன்னிடம் உள்ள பையன்களில் பதினேழு பேர் தேறுவார்கள், இருபது பேர் இன்னும் தேறவில்லை, பதினேழு பேர் ஆகவே ஆகாது என்று கணக்கே எழுதிக் கொடுத்தார். (நீயும் நானும் பாஸ் வாத்தியாரும் அந்தக் கடைசிப் பதினேழில்தான் இருந்திருப்போம். நீ டெனர் பாடின கிறிஸ்துமஸை ஊர் இன்னும் மறக்கவில்லை.) அப்படிப்பட்ட கூட்டத்தை வைத்துக்கொண்டும், எழுதின தாளின் அடியில் "தேவனுக்கே மகிமை" என்று லத்தீனில் மூன்று எழுத்துப் போட்டு முடிப்பார். கையில் இருந்தது ஆகாத பையன்கள், ஆனால் தாளில் ஒரு வரியைக்கூட அவர் ஏனோதானோ என்று விடவில்லை.

இனிமேல் சொல்வதை மைனிக்கு வாசித்துக் காட்டாதே.

இரண்டு வருஷமாக என் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சொன்னபடி கேட்பதில்லை. மேல் சுரம் வரும் இடத்தில் விரல் மரக்கட்டை மாதிரி நிற்கும். நடுக் குரல்களை மெல்ல விட்டுவிட்டேன். சபை சத்தமாகப் பாடுவதால் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள். பெத்தானியாவில் இயேசுவின் தலையில் வாசனையான நளததைலம் ஊற்றின ஸ்திரீயைக் குறித்து "இவள் தன்னால் இயன்றதைச் செய்தாள்" என்று இயேசு சொன்னதை நான் எனக்கு வசதியாக வைத்துக்கொண்டிருந்தேன். என்னால் இயன்றது இவ்வளவுதான் ஆண்டவரே என்று ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அவள் உடைத்தது முந்நூறு பணத்துக்கு மேல் விலை போகிற தைலப் பரணி என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவேன்.

தொழுவத்தில் கடா நிற்கிறதே, தங்கராஜ்! கோயில்பிள்ளை மகள் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கீபோர்டு முறையாகப் படித்தவள், பாமாலையில் நாலு குரலையும் பார்த்த உடனே வாசிப்பாள். மூன்று வருஷத்தில் ஐந்தாறு தடவை வந்து கேட்டாள். "கீபோர்டுக்குக் கரண்ட் போதும்மா, இதுக்குக் காலு வேணும். பிறகு பாப்போம்" என்று அனுப்பிவிட்டேன். ஆர்கன் மூடியின் சாவி, அதான் சிவப்பு நூல் கட்டினது, என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. பைபிளை மறந்துவிட்டுக் கோவிலுக்குப் போயிருக்கிறேன், அந்தச் சாவியை மறந்ததில்லை. என் பழைய ஆசிரியரிடம் நான் அதே மாதிரி நின்றபோது அவர் எழுந்து இடம் கொடுத்தார், எனக்குப் பதினாறு வயசு. உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் பின்னாலிருந்து ஆர்கன் துருத்தியைக் குத்திச் சிரிக்க வைத்தாய்.

இன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். இடது, வலது, இடது, வலது, காற்று குறையாமல் மிதி என்று மட்டும் சொன்னேன். முதல் இரண்டு வரியில் தடுமாறினாள். மூன்றாம் வரியில் பிடித்துக்கொண்டாள். நான் இரண்டு வருஷமாக விட்டிருந்த அந்த நடுக் குரல் எழும்பி வந்தது. மர பெஞ்சில் கை வைத்திருந்தேன், பெஞ்சே அதிர்ந்தது. சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. வயிற்றில் சுருக்கென்று ஒரு எரிச்சல். அவள் திரும்பி, "தாத்தா, இந்த இடத்துல வேகம் சரியா?" என்று கேட்டாள். தாத்தாவாம்! "சரி" என்றேன். மூடியைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விடிந்தால் ஞாயிறு. அவளை ஏழரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், எதற்கு என்று சொல்லவில்லை. அவளிடம் கொடுத்துவிட்டால் நான் எங்கே உட்காருவது என்று ஒரு மணி நேரமாக யோசிக்கிறேன். பாஸ் வாத்தியார் பக்கமா, ஜன்னலோரம் உன் பழைய இடமா? ஐம்பது வருஷத்தில் சபைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த மாசம் கோவிலில் அசன விருந்து. மைனியையும் கூட்டிக்கொண்டு வா. பாட்டுக்குச் சுரம் எழுதி வைத்த என் சோல்பா நோட்டு உன்னிடம் இருக்கிறது, முப்பது வருஷமாக இல்லை என்கிறாய், அதையும் எடுத்துக்கொண்டு வா, அவளுக்கு வேண்டும். செவலை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

கறுப்பு கூவுகிறது, மணி மூன்றுகூட ஆகவில்லை. சேவல் கூவுமுன் இயேசுவை மறுதலித்த பேதுரு கதையை ஆரம்பிக்காதே, பாஸ் வாத்தியார் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார்.

இப்படிக்கு,
உன் பெடல்